டவுட்னா சந்தேகம் தானே? அப்புறம் ஏன் கிளையன்ட் தப்பா எடுத்துக்கறாங்க?

புதுகை பையன்:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க வந்து படிச்சிட்டு சத்தமில்லாம போயிருவேன், இன்னிக்குதான் முதல் தடவையா கேள்வி கேக்கறேன், சின்னப்புள்ளத்தனமா இருக்குன்னு சிரிக்காதீங்க.

நான் ஐடில சப்போர்ட் டீம்ல இருக்கேன், சேர்ந்து எட்டு மாசம் ஆச்சு. பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம், அதனால இங்கிலீஷ்ல பேசணும்னா இன்னமும் தமிழ்ல யோசிச்சு மனசுக்குள்ள மாத்தி மாத்திதான் பேசுவேன். போன வாரம் ஒரு கால், அமெரிக்கா கிளையன்ட் சைடு ஆர்க்கிடெக்ட் புது டிசைன் ஒண்ண முக்கா மணி நேரம் விளக்குனாரு. முடிச்சிட்டு யாராவது ஏதாச்சும் கேக்கணுமான்னாரு. நான் மைக்க ஆன் பண்ணி "ஐ ஹேவ் எ டவுட் இன் யுவர் டிசைன்"னு ஆரம்பிச்சேன். மனுஷன் முகம் மாறிருச்சு. நான் கேக்க வந்தது ரெண்டாவது பெட்டியில இருந்து மூணாவது பெட்டிக்கு எதுக்கு அம்பு போகுதுன்னு, அவ்ளோதான். ஆனா அவரு நான் கேள்விய முடிக்கறதுக்குள்ளயே இதை நாங்க ஏற்கனவே டெஸ்ட் பண்ணிட்டோம், இன்னார் இன்னார் ஒத்துக்கிட்டாங்கன்னு அஞ்சு நிமிஷம் வக்காலத்து வாங்க ஆரம்பிச்சிட்டாரு. கால் முடிஞ்சதும் எங்க லீட் கூப்பிட்டு "இனிமே டவுட்ங்கற வார்த்தையே வாயில வரக்கூடாது"ன்னு சொல்லிட்டாரு, ஏன்னு கேட்டா அதுக்கு அவருக்கும் பதில் தெரியல.

சரி இது போகட்டும்னா, இதவிட பெருசு ஒண்ணு நேத்து ராத்திரி ஷிஃப்ட்ல. ஒரு சர்வர் படுத்திருச்சுன்னு எனக்கு சந்தேகம், உடனே "ஐ டவுட் தட் தி சர்வர் இஸ் டவுன்"னு மெயில் போட்டேன். அந்தப் பக்கம் ஒருத்தரும் அசையல. ரெண்டு மணி நேரம் கழிச்சு அவங்களே கண்டுபிடிச்சு, நீங்கதானே சர்வர் டவுன் ஆகலன்னு எழுதியிருந்தீங்கன்னு என்னையே கேக்கறாங்க!! நான் எழுதுனது அதுக்கு நேர் எதிர்மறை இல்லையா?

டவுட்னா சந்தேகம், டிக்‌ஷனரிலயும் அப்படித்தான் போட்டிருக்கு. அப்புறம் எங்க தப்பு நடக்குது? விவரம் தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க.

---

செவ்வந்தி:

தம்பி, சிரிக்கறதுக்கு இதுல ஒண்ணுமில்ல. நான் திருச்சில பதினாலு வருஷமா ஸ்போக்கன் இங்கிலீஷ் எடுக்கறேன், ஒவ்வொரு பேட்ச்லயும் முதல் வாரமே இந்த வார்த்தை வந்து நிக்கும்.

டிக்‌ஷனரி சொல்றது தப்பில்ல, ஆனா அரைகுறை. நம்ம "சந்தேகம்" இருக்கே, அது ஒரே ஆளா மூணு வேலை பாக்குது. "சார் எனக்கு ஒரு சந்தேகம், இந்தக் கணக்கு எப்படி வந்துச்சு" இங்க சந்தேகம்னா வெறும் கேள்வி, தெரியல, சொல்லிக் குடுங்க. "அவன்தான் செயினை எடுத்திருப்பான்னு எனக்கு சந்தேகம்" இங்க எடுத்திருப்பான்னு நம்பறோம். "அவன் இன்னிக்கு வர்றது சந்தேகம்தான்" இங்க வரமாட்டான்னு நினைக்கறோம். மூணும் மூணு திசை. தமிழ்ல முன்னாடி பின்னாடி வர்ற வார்த்தைய வெச்சு நமக்கு புரிஞ்சிரும், "எடுத்திருப்பான்னு", "வர்றது"ன்னு அந்த வாலுலயே விஷயம் இருக்கு.

இங்கிலீஷ்காரன் இந்த மூணுக்கும் மூணு தனித்தனி ஆள் வெச்சிருக்கான். முதல் வேலைக்கு கொஸ்டின். ரெண்டாவதுக்கு சஸ்பெக்ட். மூணாவதுக்குதான் டவுட். அதாவது டவுட் எப்பவும் "இல்ல" பக்கம் சாயும், சஸ்பெக்ட் "ஆமா" பக்கம் சாயும். இத மட்டும் மனசுல வெச்சுக்கோங்க, மீதி தானா வரும்.

இப்ப உங்க சர்வர் மெயிலுக்கு வாங்க. "ஐ டவுட் தட் தி சர்வர் இஸ் டவுன்" அப்படின்னா "சர்வர் டவுன் ஆயிருக்கும்னு எனக்குத் தோணல"ன்னு அர்த்தம். அவங்க சரியாத்தான் படிச்சாங்க தம்பி, நீங்க எழுதுனதுதான் தலைகீழ். "ஐ சஸ்பெக்ட் தட் தி சர்வர் இஸ் டவுன்"னு போட்டிருந்தா ரெண்டு நிமிஷத்துல எந்திரிச்சு ஓடியிருப்பாங்க. சஸ்பெக்ட்னா போலீஸ் வார்த்தை மாதிரி இருக்கேன்னு நம்மாளுங்க பயப்படுவாங்க, அப்படியெல்லாம் இல்ல, "ஐ சஸ்பெக்ட் இட்ஸ் எ கேபிள் ப்ராப்ளம்"னு சாதாரணமா பேசுவாங்க.

டிசைன் விஷயம் அடுத்தது. ஒருத்தர் முக்கா மணி நேரம் பேசி முடிச்சதும் "ஐ ஹேவ் டவுட்ஸ் அபவுட் யுவர் டிசைன்"னு சொன்னா அதுக்கு அர்த்தம் "உங்க டிசைன் வேலைக்கு ஆகும்னு எனக்கு நம்பிக்கை இல்ல". நீங்க இன்-னு போட்டீங்க, அவரு அதை அபவுட்னு எடுத்துக்கிட்டாரு, அவ்வளவுதான் வித்தியாசம். எட்டு மாச அனுபவக்காரர் எடுத்த எடுப்புல நம்பிக்கை இல்லன்னா யாருக்குத்தான் சுருக்குன்னு இருக்காது. அதுக்கு "ஐ ஹேவ் எ கொஸ்டின் அபவுட் தி டிசைன்", இல்லன்னா "ஐ டிடின்ட் ஃபாலோ தி செகண்ட் பார்ட், குட் யூ எக்ஸ்ப்ளெய்ன் இட் அகெய்ன்". கொஸ்டின்னு சொன்னா ஏதோ குறுக்கு விசாரணை பண்ற மாதிரி மரியாதை குறைச்சலா இருக்குமோன்னு நம்மாளுங்களுக்கு ஒரு கூச்சம், அதனாலதான் பணிவா டவுட்னு சொல்றோம். அங்க அது அப்படியே உல்டா, கொஸ்டின்தான் பணிவு, டவுட்தான் குத்தல்.

இன்னும் ரெண்டு சொல்லிடறேன். "ஐ ஆம் டவுட்டிங்"னு இங் போடாதீங்க, நோ (தெரியும்), பிலீவ் (நம்பறேன்) மாதிரி அதுவும் மனசுல இருக்கற நிலை, "ஐ டவுட்"னா போதும். அப்புறம் "நோ டவுட்". நம்ம பசங்க கட்டுரைல அடிச்சு விடுவாங்க, நிச்சயமான்னு அர்த்தம் வெச்சு. ஆனா "நோ டவுட் ஹி வில் கம்"னு ஒரு இங்கிலீஷ்காரர் சொன்னா பெரும்பாலும் "வந்துருவாருன்னுதான் நினைக்கறேன்", அந்த அளவுதான். அடிச்சு சொல்லணும்னா "வித்தவுட் எ டவுட்" இல்ல "டெஃபனட்லி". சந்தேகமே இல்லன்னு சொல்ற வார்த்தைக்குள்ளயே சந்தேகம் ஒளிஞ்சிருக்கு பாருங்க!

---

வாய்க்கா வரப்பு:

அக்கா சொன்னது சரி, ஆனா எனக்கு ஒரு மாற்றுக் கருத்து இருக்கு. எதுக்கு எல்லாத்துக்கும் நாமளே குனிஞ்சு போகணும்? ஐ ஹேவ் எ டவுட் அப்படிங்கறது இந்தியன் இங்கிலீஷ், அதுல தப்பே இல்ல. இங்க எல்லா ஊர்லயும் கோச்சிங் சென்டர் வாசல்ல டவுட் கிளியரிங் கிளாஸ்னு போர்டு தொங்குது, காஷ்மீர்ல இருந்து கன்னியாகுமரி வரைக்கும் எந்தப் பையனுக்கும் அது புரியும். அமெரிக்காக்காரன் பேண்ட்ஸ்னா கால்சட்டை, லண்டன்காரனுக்கு அது ஜட்டி, அவங்களுக்குள்ள சண்டை போட்டுக்கறாங்களா, கேட்டு சிரிச்சிட்டு போறாங்கல்ல.

இன்னொண்ணு, இது நம்ம ஊர் வியாதி மட்டும் இல்ல. எங்க டீம்ல ஸ்பெயின்ல இருந்து ஒரு பொண்ணு, அதுவும் மீட்டிங்ல "ஐ ஹேவ் எ டவுட்"னுதான் ஆரம்பிக்கும். நான் என்னடா நம்மூர் டியூஷன்ல படிச்சிருக்குமோன்னு பாத்தேன். விசாரிச்சா ஸ்பானிஷ்ல "தெங்கோ உனா தூதா"ன்னா அப்படியே எனக்கு ஒரு சந்தேகம்ங்கறதுதான், தூதாங்கறதும் டவுட்ங்கறதும் ஒரே லத்தீன் வேர். போர்ச்சுகீஸ்லயும் இதே கதைதான், ஒரு பிரேசில்காரன் இதே மாதிரி கேட்டு நான் பாத்திருக்கேன். ஆக நாங்க ரெண்டு பேரும் டவுட் கேட்டா எங்களுக்குள்ள புரியுது, நடுவுல ஒக்காந்திருக்கற இங்கிலீஷ்காரனுக்குத்தான் புரியல, அப்ப டியூஷன் யாருக்கு வேணும்?

சர்வர் மேட்டர் மட்டும் வேற, அது ப்ரோ மேல தப்பு, அதுல நான் சப்போர்ட்டுக்கு வரமாட்டேன்.

---

ஓய்வு வாத்தியார்:

பிள்ளைகளா, நான் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன், ஆங்கிலம் எனக்கு அரைக்கிணறுதான். ஆனா இந்தக் கேள்வி நம்ம நன்னூல்லயே தீர்ந்து போச்சுங்கறதுதான் எனக்கு வேடிக்கையா இருக்கு.

பவணந்தியார் வினாவ ஆறா பிரிச்சிருக்காரு, பத்தாவதுல எல்லாரும் மனப்பாடம் பண்ணியிருப்பீங்க: அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. இதுல மாணவன் எழுந்து நின்னு "ஐயா இந்தச் சூத்திரத்துக்கு என்ன பொருள்"னு கேக்கறானே, அது எந்த வினா? பாதிப் பேர் ஐய வினான்னு எழுதி ஒரு மார்க்க விடுவாங்க. அது அறியா வினா! தனக்குத் தெரியாததத் தெரிஞ்சுக்கக் கேக்கறது. ஐய வினாங்கறது வேற. அந்தி நேரத்துல தூரத்துல ஏதோ நெட்டையா நிக்குது, "குற்றியோ மகனோ", மரக்கட்டையா மனுஷனான்னு ரெண்டுக்கும் நடுவுல மனசு ஆடுதே, அதுதான் ஐயம். தெரியாம இருக்கறது அறியாமை, ரெண்டு தெரிஞ்சு எதுன்னு முடிவாகாம இருக்கறது ஐயம். நம்ம புதுகைத் தம்பி கால்ல கேட்டது அறியா வினா, ஆனா அதுக்கு ஐய வினான்னு லேபிள் ஒட்டிட்டாரு, கேக்கறவங்க லேபிளத்தானே பாப்பாங்க. ஆக தமிழ் இலக்கணப்படி பாத்தாலும் "எனக்கு ஒரு சந்தேகம்"னு கேள்விய ஆரம்பிக்கறது கறாரா சரியில்லதான், நாம பழகிட்டோம், நானும் வகுப்புல "சந்தேகம் இருந்தா கேளுங்க"ன்னு முப்பத்தஞ்சு வருஷம் சொன்னவன்தான்.

என் பேத்தி சொன்னா, டவுட்டோட லத்தீன் மூலத்துல ரெண்டுங்கற எண்ணே உள்ள இருக்காம், ஜெர்மன்லயும் ஐயத்துக்கு ட்ஸ்வைஃபெல், ரெண்டுக்கு ட்ஸ்வை. குற்றி ஒண்ணு மகன் ஒண்ணு, கணக்கு சரியா வருது.

அந்த சஸ்பெக்ட் வேலைக்கும் நம்மகிட்ட ஆள் இருந்துச்சு. "தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும் தீரா இடும்பை தரும்", 510வது குறள். ஆராயாம ஒருத்தன நம்பறதும், ஆராஞ்சு நம்பினவன் மேல அப்புறமா சந்தேகப்படறதும் தீராத துன்பம்னு. அங்க ஐயுறவுங்கறது ஆள் மேல விழற சந்தேகம். பேச்சுல எல்லாத்தையும் சந்தேகம்ங்கற ஒரே மூட்டைல கட்டிட்டோம். ஐயமிட்டு உண்ங்கற ஐயம் வேற, அது பிச்சை, அத இதுல கொண்டாந்து குழப்பிக்காதீங்க (ஒரு பையன் பரீட்சைல "சந்தேகப்பட்டு சாப்பிடு"ன்னு எழுதினான், ஹோட்டல் சாப்பாட்டுக்குப் பொருந்தும்னு அரை மார்க் போட்டேன்).

---

தோமையார்மலை டீக்கடை:

ஐயா அந்த அரை மார்க்குக்கு ஒரு கும்பிடு 😂

ரெண்டுங்கற கணக்கு வந்ததால ஒண்ணு சொல்லிட்டு போறேன். எதையும் கண்ணால பாக்காம நம்பமாட்டேங்கறவன இங்கிலீஷ்ல டவுட்டிங் தாமஸ்னு சொல்லுவாங்க இல்ல, அந்த தாமஸ் வேற யாரும் இல்ல, எங்க ஏரியாக்காரர்தான். சென்னைல செயின்ட் தாமஸ் மவுண்ட்ங்கற பரங்கிமலை, சாந்தோம் ரெண்டும் அவரு பேருலதான் இருக்கு, இங்கதான் கொல்லப்பட்டாருன்னு காலங்காலமா நம்பிக்கை. யேசு உயிர்த்தெழுந்து வந்துட்டாருன்னு மத்த சீடருங்க சொன்னப்ப, ஆணி அடிச்ச தழும்புல என் விரல விட்டுப் பாத்தாதான் நம்புவேன்னு சொன்னவரு. கவனிங்க, அவரு கேள்வி கேக்கல, நம்பமாட்டேன்னாரு. செவ்வந்தி அக்கா சொன்ன "இல்ல" பக்கம் சாயற டவுட்டுக்கு இதவிட நல்ல உதாரணம் கிடையாது. தாமஸ்ங்கற பேருக்கே இரட்டைப் பிள்ளைன்னுதான் அர்த்தம், அங்கயும் ரெண்டு.

எங்க கிளாஸ்ல எந்திரிச்சு எந்திரிச்சு கேக்கற ஒருத்தனுக்கு டவுட்டு தனபாலுன்னு பேர் வெச்சிருந்தோம், அவன் பாவம் அறியா வினாதான் கேட்டிருக்கான், இத்தன வருஷம் கழிச்சு இப்ப புரியுது.

அப்புறம் டவுட்ல நடுவுல வர்ற அந்த பி எழுத்து எதுக்குன்னு யாராவது சொல்லுங்கப்பா, அஞ்சாவதுல அது விட்டுப் போனதுக்கு வாங்குன அடி இன்னும் வலிக்குது.

---

கிளாஸ்கோ கோமதி:

அந்த பி ஒரு பந்தா எழுத்து தம்பி. இங்கிலீஷுக்கு இந்த வார்த்தை ஃப்ரெஞ்சு வழியா வந்தப்ப பி கிடையாது, ஃப்ரெஞ்சுல இன்னிக்கும் கிடையாது. அப்புறமா படிச்ச பண்டிதருங்க சிலபேர், லத்தீன் மூலத்துல துபிதாரேன்னு பி இருக்கே, அது தெரியணும்னு எழுத்துல மட்டும் சொருகிட்டாங்க. வாயில யாரும் சொல்லல. கடனுக்கு டெட்னு சொல்றாங்களே, அதுல இருக்கற பி-யும் இதே கேஸ்தான். ஷேக்ஸ்பியர் ஒரு நாடகத்துல ஒரு வாத்தியார் கேரக்டர விட்டு, இந்தக் காலத்துப் பயலுவ பி-ய உச்சரிக்க மாட்டேங்கறானுவன்னு புலம்ப வெச்சு கிண்டல் பண்ணியிருக்காரு, அப்பவே அது சிரிப்புதான்.

இப்ப நான் சொல்ல வந்தது வேற. செவ்வந்தி அக்கா சொன்ன விதி எல்லா இடத்துலயும் செல்லும், ஸ்காட்லாந்த தவிர! நான் இங்க நர்ஸா வந்த புதுசு, திருநெல்வேலில இருந்து நேரா கிளாஸ்கோ. வார்டுல ஒரு வயசான அம்மா ஜன்னலப் பாத்துட்டு "ஐ டவுட் இட்'ல் ரெய்ன் த டே"ன்னாங்க. நான் படிச்ச இங்கிலீஷ்படி மழை வராதுன்னு அர்த்தம், சரின்னு குடைய லாக்கர்ல வெச்சிட்டு ஷிஃப்ட் முடிஞ்சு பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்தேன், முழுசா நனைஞ்சேன். மறுநாள் அந்த அம்மாட்ட நீங்கதானே வராதுன்னீங்கன்னா, அவங்க என்ன புள்ள இது, வரும்னுதானே சொன்னேங்கறாங்க. இங்க வட்டார வழக்குல ஐ டவுட்னா "அப்படித்தான் ஆகும் போலருக்கு"ன்னு அர்த்தம், அதுவும் நடக்கக் கூடாதது நடக்கப் போகுதுங்கற தொனில. "ஐ டவுட் ஹி'ஸ் டெட்"னு சொன்னா ஆள் போய்ட்டாரு போலன்னு. ஆஸ்பத்திரில இத மாத்திப் புரிஞ்சுக்கிட்டா என்னாகும்னு யோசிச்சுப் பாருங்க. அதனால அந்த வார்த்தை காதுல விழுந்தா இன்னமும் நான் ஒரு தடவை திருப்பிக் கேட்டுப்பேன்.

புதுகைத் தம்பி, உங்க சர்வர் மெயில் ஸ்காட்லாந்துக்கு போயிருந்தா கரெக்டா வேலை செஞ்சிருக்கும்!

இது இவங்களா கண்டுபிடிச்சதும் இல்ல. பழைய இங்கிலீஷ்ல டவுட்டுக்கு பயப்படறது, இப்படி ஆகிருமோன்னு நினைக்கறதுன்னும் அர்த்தம் இருந்துச்சு, இங்க அது சாகாம தங்கிருச்சு, அவ்ளோதான். என் பொண்ணு ஸ்கூல்ல ஹாம்லெட் படிக்கறப்ப கூட ஒக்காந்து பாத்தேன், ஹாம்லெட் தன் காதலி ஒஃபீலியாவுக்கு எழுதற லெட்டர்ல நாலு வரிலயும் டவுட் வரும். நட்சத்திரம் நெருப்புங்கறத நம்பாம இரு, சூரியன் நகருதுங்கறத நம்பாம இருன்னு முதல் ரெண்டு வரி. மூணாவது வரில உண்மையே பொய் சொல்லுதுன்னு சந்தேகப்படு. அதாவது ஆமா பக்கம், சஸ்பெக்ட்! நாலாவது வரில என் காதல மட்டும் சந்தேகப்படாதன்னு மறுபடி பழைய பக்கம். ஒரே லெட்டர்ல ஒரே வார்த்தை ரெண்டு பக்கமும் சாஞ்சிருக்கு. அவ டீச்சர் இதுக்கு அரை பீரியட் எடுத்துக்கிட்டாங்களாம், எனக்கு அஞ்சு நிமிஷம் போதும், நான் தமிழச்சி, சந்தேகம்னு மாத்துனா நாலு வரியும் நமக்கு அப்படியே புரியுது.

---

நாலாம் நம்பர் கோர்ட்:

நல்ல திரெட். நான் கீழ்கோர்ட்ல பிராக்டிஸ் பண்றவன், இந்த சந்தேகத்துலதான் எங்க பொழப்பே ஓடுது.

தினசரி பேப்பர்ல பாருங்க. "சந்தேகத்தின் பேரில் வாலிபர் கைது"ன்னு ஒரு நாள் வரும். நாலு வருஷம் கழிச்சு அதே ஆளப் பத்தி "சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை"ன்னு வரும். உள்ள தள்ளுனதும் சந்தேகம், வெளிய விட்டதும் சந்தேகம்! சாதாரண ஜனங்க இத படிச்சிட்டு அதான் சந்தேகம் இருக்கே அப்புறம் எதுக்கு விட்டானுங்கன்னு டீக்கடைல கோர்ட்ட திட்டுவாங்க. முதல்ல வர்றது சஸ்பிஷன், இவன்தான் செஞ்சிருப்பான்ங்கற பக்கம். ரெண்டாவது டவுட், இவன் செஞ்சான்னு நம்ப முடியலங்கற பக்கம். இங்கிலீஷ்ல ரெண்டு வார்த்தை, பெனிஃபிட் ஆஃப் டவுட்னு அவங்க சொல்றப்ப குழப்பம் வராது, தமிழ்ல மொழிபெயர்த்தவங்க ரெண்டுக்கும் ஒரே வார்த்தைய போட்டுட்டாங்க. சந்தேகம் எவ்ளோ பலமா இருந்தாலும் அது நிரூபணத்துக்கு ஈடாகாதுன்னு சுப்ரீம் கோர்ட் திரும்பத் திரும்ப சொல்லுதே, அந்த சந்தேகம் சஸ்பிஷன். நியாயமான சந்தேகத்துக்கு அப்பாற்பட்டு நிரூபிக்கணும்ங்கறாங்களே, அந்த சந்தேகம் டவுட். ரெண்டு வாக்கியத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஜூனியருக்கு விளக்கறதுக்குள்ள எனக்கு நாக்கு தள்ளிரும்.

சந்தேக மரணம்னு எஃப்ஐஆர் போடறாங்களே, முன்னாடி பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல 174வது பிரிவுன்னு சொல்லுவோம், 2024 ஜூலைல இருந்து புது சட்டத்துல 194, அங்க மறுபடியும் சஸ்பிஷன், சாவுல ஏதோ இருக்குன்னு. இறந்தாரா இல்லையாங்கறதுல யாருக்கும் சந்தேகம் கிடையாது.

இங்கிலாந்துலயே ரீசனபிள் டவுட்னு சொன்னா ஜூரிக்கு குழப்பமா இருக்குன்னு, இப்பல்லாம் ஜட்ஜு "குற்றவாளின்னு உங்களுக்கு நிச்சயமா தெரியுதா, ஷ்யூரா இருக்கீங்களா"ன்னுதான் கேக்கறாங்க. அந்த வார்த்தை பொறந்த வீட்டுக்காரங்களே ஓரங்கட்டிட்டாங்க, தம்பி நீங்க எதுக்கு கவலைப்படறீங்க.

---

புதுகை பையன்:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி, ஒரு வார்த்தைக்குள்ள இவ்ளோ இருக்கும்னு நெனக்கவே இல்ல. வாத்தியார் ஐயா சொன்ன குற்றியோ மகனோ எனக்கு டக்குனு பிடிபட்டுச்சு. அந்த ஆர்க்கிடெக்டுக்கு ஒரு மெயில் போட்டு சரி பண்ணிரலாம்னு இருக்கேன், அனுப்பறதுக்கு முன்னாடி செவ்வந்தி அக்கா ஒரு தடவை பாத்து சொன்னா நல்லாருக்கும். தமிழ் எழுத்துலயே போடறேன்:

"டியர் சார், சாரி ஃபார் மை வேர்ட் இன் லாஸ்ட் கால். ஐ டிட் நாட் டவுட் யுவர் டிசைன். ஐ ஒன்லி ஹேட் எ கொஸ்டின் அபவுட் தி ஆரோ ஃப்ரம் பாக்ஸ் டூ டு பாக்ஸ் த்ரீ. ஐ ஆம் டவுட்டிங் வெதர் இட் இஸ் ஃபார் பேக்கப். கைண்ட்லி ரிவர்ட்."

வாய்க்கா வரப்பு ப்ரோ, நீங்க சொல்றது மனசுக்கு இதமாத்தான் இருக்கு, ஆனா அப்ரைசல் மார்ச்ல வருது.

---

வாய்க்கா வரப்பு:

அப்ரைசல்னு சொல்லிட்டீங்க, இனி நான் வாயத் திறக்கல.

---

செவ்வந்தி:

தம்பி, முதல் மூணு வாக்கியம் நல்லாருக்கு. சாரில ஆரம்பிக்கறதும் வேண்டியதில்ல, நீங்க ஒண்ணும் குத்தம் பண்ணல. "ஐ திங்க் ஐ யூஸ்ட் தி ராங் வேர்ட் ஆன் தி கால்"னு லேசா ஆரம்பிச்சா அவரே சிரிச்சிருவாரு.

"ஐ ஆம் டவுட்டிங் வெதர் இட் இஸ் ஃபார் பேக்கப்" இங்கதான் மறுபடி வழுக்கிட்டீங்க, இங் வேற வந்திருச்சு. அது பேக்கப்புக்குத்தான் இருக்கும்னு நீங்க நினைக்கறீங்களா, இருக்காதுன்னு நினைக்கறீங்களா? முன்னதுன்னா "ஐ சஸ்பெக்ட் இட்ஸ் ஃபார் பேக்கப், இஸ் தட் ரைட்?" பின்னதுன்னா "ஐ டவுட் இட்ஸ் ஃபார் பேக்கப்". ஒண்ணுமே தெரியலன்னா "இஸ் இட் ஃபார் பேக்கப்?"னு நேரா கேட்டுருங்க, அறியா வினா, வாத்தியார் ஐயாவும் சந்தோஷப்படுவாரு. ஒவ்வொரு தடவையும் எழுதறதுக்கு முன்னாடி இந்த மூணுல நம்ம மனசு எங்க நிக்குதுன்னு தமிழ்லயே ஒரு நிமிஷம் யோசிங்க, அப்புறம் வார்த்தைய எடுங்க. தமிழ்ல யோசிச்சு மாத்தறேன்னு முதல்ல வருத்தப்பட்டீங்க, யோசிக்கறது தப்பே இல்ல, சந்தேகம்னு மூட்டையா யோசிக்காம பிரிச்சு யோசிங்க.

கடைசி வரில ஒரு குண்டு வெச்சிருக்கீங்க. ரிவர்ட்னா நம்மூர் ஆபீஸ்ல பதில் போடறது, ஆனா அவங்களுக்கு பழைய நிலைக்கே திரும்பறது. உங்க சாஃப்ட்வேர் லைன்லயே ரிவர்ட்னா பண்ணுன மாத்தத்த பின்வாங்கறது இல்லையா? டிசைன்ல எனக்கு சந்தேகம்னு ஏற்கனவே சொன்ன ஆளு இப்ப தயவு செஞ்சு அத ரிவர்ட் பண்ணுங்கன்னா மனுஷன் என்ன நினைப்பாரு!! "லெட் மீ நோ"ன்னு மாத்திருங்க.

---

புதுகை பையன்:

ஐயய்யோ அக்கா, எட்டு மாசமா எல்லா மெயிலயும் கைண்ட்லி ரிவர்ட்னுதான் முடிச்சிருக்கேன்.

---

தோமையார்மலை டீக்கடை:

ப்ரோ, ரெண்டு மாசம் முன்னாடி உங்க டீம் பண்ணுன சேஞ்ச் எதையாவது கிளையன்ட் காரணமே சொல்லாம பின்வாங்கியிருக்காங்களான்னு ஒரு தடவை பாத்துட்டு வந்து சொல்லுங்க, வெயிட்டிங்.